வேறொருவர் பெயருக்கு வந்த கடிதங்கள்

2012 ஆகஸ்ட்டில் பிலடெல்ஃபியாவில் இறங்கிய கையோடு, மூன்று தமிழ்ப் பையன்கள் சேர்ந்து ஒரு வீட்டைப் பிடித்தோம். மேற்கு பிலடெல்ஃபியாவில் நாற்பத்தைந்தாம் தெருவை ஒட்டி, சுவரோடு சுவர் ஒட்டிய தொடர் வீடுகளில் ஒன்று. அதன் மேல் இரண்டு தளங்கள் எங்களுக்கு. மூன்று படுக்கையறை, 1,500 டாலர் வாடகை, ஆளுக்கு 500. அன்றைய கணக்கில் இருபத்தேழாயிரம் ரூபாய். ஊரில் அப்பாவிடம் தொகையைச் சொல்லவே இல்லை. ஆனால் பல்கலைக்கழக வளாகத்துக்குப் பக்கத்தில் ஓர் அறைக்கே 800 கேட்டவர்களைப் பார்த்துவிட்டு வந்திருந்ததால், எங்களுக்கு இது கொள்ளை மலிவாகத் தெரிந்தது.

குடிபோன முதல் வாரத்திலிருந்தே தபால் பெட்டியில் எங்களுக்குச் சம்பந்தமில்லாத கடிதங்கள் விழுந்தன. எல்லாம் ஒரே பெண்மணியின் பெயருக்கு. மின்சார பில், பிள்ளைகளின் பள்ளியிலிருந்து ஒன்று, ஏதோ ஒரு அலுவலகத்திலிருந்து நீளக் கவர். கொஞ்ச நாள் சமையலறை மேடையில் சேர்த்து வைத்தோம். அப்புறம் இடத்தை அடைக்கிறது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய காகிதத்தோடு சேர்த்துப் போட்டுவிட்டோம்.

அக்டோபரில் ஒரு மாலை அந்த அம்மாவே வந்தார். மருத்துவமனை உடுப்பில் இருந்தார், வேலை முடிந்து நேராக வந்திருக்க வேண்டும். உள்ளே வரவில்லை. திண்ணையிலேயே நின்று, தன் பெயருக்குத் தபால் ஏதும் வந்ததா என்று கேட்டார். (அந்தத் தெருவில் எல்லா வீட்டுக்கும் முன்னால் கூரை போட்ட ஒரு மேடை உண்டு. ஆங்கிலத்தில் என்ன பெயர் சொன்னாலும் அது நம்ம ஊர்த் திண்ணைதான்.) மிச்சமிருந்த நான்கைந்து கடிதங்களைக் கொடுத்தேன். புரட்டிப் பார்த்துவிட்டு, “நீளமாக ஒரு கவர் வந்திருக்குமே?” என்றார். வீட்டு வாடகை உதவிக்கான வரிசையில் பல வருடங்களாக இருக்கிறாராம். “இன்னும் காத்திருக்கிறீர்களா?” என்று கேட்டு அவ்வப்போது கடிதம் வரும். பதில் போடாவிட்டால் பெயரை எடுத்துவிடுவார்கள்.

நாங்கள் எறிந்த கவர் அதுதானா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவர் கோபப்படவில்லை. கிளம்பும்போது, “அடுப்பில் பின்பக்க பர்னர் இன்னமும் பற்றுகிறதில்லையா?” என்று மட்டும் கேட்டார். அந்த வீட்டில் பதினோரு வருடம் இருந்தாராம், கணவரும் இரண்டு பிள்ளைகளுமாக. அவர் கொடுத்து வந்த வாடகை 950.

பிலடெல்ஃபியாவில் அந்த வாடகை உதவி வவுச்சருக்கான (வாடகையில் ஒரு பங்கை அரசே வீட்டுக்காரருக்குக் கொடுக்கும் ஏற்பாடு) வரிசையை 2010இல் மூடினார்கள். மறுபடி திறந்தது 2023 ஜனவரியில். நடுவில் வரிசையிலிருந்து விழுந்தவர்களுக்குத் திரும்ப உள்ளே வர வழி இல்லை. இது எனக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரியும்.

வெளிநாட்டில் வாடகை வீட்டுக்குப் போகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். முன்பு குடியிருந்தவரின் கடிதத்தை எறியாதீர்கள். ‘இந்த முகவரியில் இல்லை’ என்று உறைமேல் எழுதித் தபால்காரரிடமே திருப்பிக் கொடுங்கள். முடிந்தால் வீட்டுக்காரரிடம் அவருடைய எண்ணை வாங்கி ஒரு குறுஞ்செய்தி போடுங்கள். நீங்கள் வீடு மாறும்போது தபால் துறையில் முகவரி மாற்றம் பதிந்துவிடுங்கள். சாதாரணக் கடிதங்களை ஒரு வருடம் வரை புது முகவரிக்கு அனுப்புவார்கள். ஏழைக்கு ஒரு கடிதம் தவறுவதும் நமக்கு ஒரு கடிதம் தவறுவதும் ஒன்றல்ல.

950 எப்படி 1,500 ஆனது? வீட்டுக்காரர் புதிதாக ஒன்றும் கட்டிவிடவில்லை. சுவருக்கு வெள்ளை அடித்தார், கூடத்தைத் தடுத்து மூன்றாவது படுக்கையறை ஆக்கினார், அவ்வளவுதான். ஒரு குடும்பம் வாடகை கொடுப்பது ஒருவர் அல்லது இருவர் சம்பளத்திலிருந்து. மூன்று பையன்கள் கொடுப்பது மூன்று தலைக்கு. வீட்டுக்காரர் வீட்டை வாடகைக்கு விடுவதை நிறுத்திவிட்டு அறையை வாடகைக்கு விடத் தொடங்கும்போது, குடும்பத்தால் அந்தப் போட்டியில் நிற்க முடியாது. எங்களுக்குப் பணக்காரர்கள் என்ற நினைப்பு துளியும் கிடையாது. பருப்பையும் அரிசியையும் எண்ணி எண்ணி வாங்கியவர்கள். ஆனாலும் மூன்று பேராகச் சேர்ந்ததும் அந்த அம்மாவின் குடும்பத்தைவிடக் கனத்த பையோடு வந்தவர்களாகிவிட்டோம்.

பக்கத்து வீட்டில் ஒரு பெரியவர் இருந்தார், அப்போது அறுபதைத் தாண்டியிருப்பார். கறுப்பினத்தவர், மாநகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். என்னை ‘யங் மேன்’ என்றுதான் கூப்பிடுவார், நாம் ‘தம்பி’ என்போமே, அந்தத் தொனியில். தெருவில் பெரியவர்களை மிஸ், மிஸ்டர் என்ற சொல்லோடு முதல் பெயரைச் சேர்த்து அழைப்பார்கள். அக்கா, அண்ணன் மாதிரிதான். நான் அவரை மிஸ்டர் என்று மட்டும் அழைப்பேன். இங்கேயும் அவர் பெயர் வேண்டாம்.

முதல் பனிக்காலத்தில் பனி தள்ள எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். “எங்கே பிறந்தீர்கள்?” என்று ஒருநாள் கேட்டேன். “பிளாக் பாட்டம்” என்றார். அது எங்கே என்றால், கிழக்கே கை காட்டி, “இப்போது நீ வேலைக்குப் போகும் வழியில்” என்றார்.

பிறகு நானே தேடிப் படித்தேன். பிளாக் பாட்டம் என்பது ஏறக்குறைய முப்பத்து மூன்றாம் தெருவிலிருந்து நாற்பதாம் தெரு வரை, மார்க்கெட் தெருவையும் லங்காஸ்டர் அவென்யூவையும் ஒட்டி இருந்த கறுப்பின மக்களின் குடியிருப்பு. 1959இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகம் (சுருக்கமாக ‘பென்’), ட்ரெக்ஸல் பல்கலைக்கழகம், இன்னும் சில மருத்துவக் கல்வி நிலையங்கள் சேர்ந்து மேற்கு பிலடெல்ஃபியா கார்ப்பரேஷன் என்ற அமைப்பைத் தொடங்கின. அந்த வட்டாரத்துக்கு ‘யூனிவர்சிட்டி சிட்டி’ என்ற பெயரைப் பரப்பியது அதுதான். நகர்ப்புறச் சீரமைப்புத் திட்டத்தில் ‘யூனிட் 3’ என்று எண் கொடுத்து, பொதுத் தேவைக்கு என்று நிலத்தை எடுத்து, வீடுகளை இடித்தார்கள். அந்த ஒரு பிரிவில் மட்டும் 2,600க்கு மேற்பட்டோர் வெளியேற்றப்பட்டனர். அவர்களில் நான்கில் மூன்று பங்குக்கும் அதிகமானோர் கறுப்பினத்தவர். 1963இல் தொடங்கிய அறிவியல் ஆய்வுப் பூங்கா அந்த நிலத்தில் எழுந்தது. 1969 பிப்ரவரியில் மாணவர்களே பல்கலைக்கழகத்தின் முதன்மைக் கட்டடத்தில் ஆறு நாள் உட்கார்ந்து இதை எதிர்த்தார்கள். ஒரு கூட்டுக் குழு அமைத்தார்கள், வாக்குறுதிகள் கொடுத்தார்கள். இடித்த வீடு இடித்ததுதான்.

அதே நிலத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளியும் கட்டினார்கள். 1972இல் திறந்தது. நான் போன மறு வருடம், 2013இல், நகரம் அதை மூடிவிட்டது. நிலம் ட்ரெக்ஸலுக்குப் போனது. பள்ளியும் இடிபட்டு அங்கே ஆய்வகங்களும் அடுக்குமாடிகளும் வந்தன. ஒரே துண்டு நிலம் ஒரே மனிதரின் ஆயுளுக்குள் இரண்டு முறை இடிபட்டதை அவர் பார்த்திருக்கிறார். ஆகஸ்ட் மாதக் கடைசி ஞாயிறன்று ஃபேர்மவுண்ட் பூங்காவில் பழைய பிளாக் பாட்டத்துக்காரர்கள் ஒன்று கூடுவார்கள். அவர் மடக்கு நாற்காலியைக் காரில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார். ஊரே இல்லாத ஊர்த் திருவிழா.

பல்கலைக்கழகத்தைத் திட்டிவிட்டுப் போவது சுலபம். என் சம்பளமே அந்த வட்டாரத்துப் பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்துதான் வந்தது. பென் இந்த நகரத்திலேயே மிக அதிகம் பேருக்கு வேலை தரும் தனியார் நிறுவனம். அந்தப் பெரியவரின் மகள் வேலை பார்த்ததும், எங்களுக்கு முன் குடியிருந்த அம்மா வேலை பார்த்ததும் இந்த மருத்துவமனை வட்டாரத்தில்தான். 1990களில் அந்தப் பகுதியில் குற்றங்கள் பெருகி, மாணவர்களைச் சேர்ப்பதே பாடாக இருந்தபோது பல்கலைக்கழகம் பாணியை மாற்றியது. ஜூடித் ரோடின் தலைவராக இருந்த காலம். இனிமேல் மேற்கேயும் வடக்கேயும் குடியிருப்புகளுக்குள் வளாகத்தை விரிக்க மாட்டோம், கிழக்கே பழைய தொழிற்சாலை நிலங்களுக்குத்தான் போவோம் என்று முடிவு செய்தார்கள். ஏறக்குறைய அப்படியே நடந்தார்கள். தெருவிளக்கு போட்டார்கள், கடைகள் கொண்டுவந்தார்கள், ஊழியர்கள் வளாகத்துக்கு மேற்கே வீடு வாங்கினால் பண உதவி கொடுத்தார்கள்.

இங்கேதான் எனக்கு விஷயம் புரிய நாளானது. வளாகத்தின் மதில் நகராமலேயே ஒரு பல்கலைக்கழகம் விரியும். அதை நம்பி வருகிறவர்கள் ஒவ்வொருவராக மேற்கே நகர்வார்கள், வாடகை அவர்களோடு கூடவே நடந்து போகும். வசதியானவர்கள் வந்து பழைய குடிகள் விலக நேர்வதை ஆங்கிலத்தில் ‘ஜென்ட்ரிஃபிகேஷன்’ என்பார்கள். அதோடு பென்னைச் சேர்த்து, உள்ளூர்க்காரர்கள் இதற்கு ‘பென்ட்ரிஃபிகேஷன்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். புல்டோசர் வந்தால் மறியல் செய்யலாம். கடிதம் வந்தால் யாரை மறிப்பது?

2001இல் பென் உதவியோடு நாற்பத்து மூன்றாம் தெருவில் ஓர் அரசுப் பள்ளி திறந்தார்கள், பென் அலெக்சாண்டர் பள்ளி. நல்ல பள்ளி, சந்தேகமில்லை. ஒவ்வொரு மாணவருக்கும் பல்கலைக்கழகம் கூடுதலாகப் பணம் கொடுக்கிறது. பள்ளிக்கு ஓர் எல்லை வரைந்தார்கள். எல்லைக்குள் இருக்கும் வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் அங்கே முன்னுரிமை. 2013 ஜனவரியில், பாலர் வகுப்புப் பதிவுக்குப் பல நாள் முன்பே பெற்றோர் குளிரில் நாற்காலி போட்டு நடைபாதையில் வரிசை கட்டியதை நானே பார்த்தேன். சென்னையில் எல்கேஜி விண்ணப்பத்துக்கு விடிய விடிய நிற்பார்களே, அதே காட்சி, கையில் ஃபிளாஸ்க் உட்பட. அப்புறம் குலுக்கல் முறைக்கு மாற்றிவிட்டார்கள். ஆனால் வீட்டு விளம்பரங்களில் அறைகளின் எண்ணிக்கைக்கு முன்னால் ‘பள்ளி எல்லைக்குள்’ என்று போடும் வழக்கம் நின்றபாடில்லை. தெருவின் இந்தப் பக்கம் ஒரு விலை, அந்தப் பக்கம் ஒரு விலை.

நல்ல பள்ளியே வேண்டாம் என்று யாராவது சொல்வார்களா? அந்தப் பெரியவரே தன் பேத்தி அங்கே படிப்பதைப் பெருமையாகச் சொல்வார். வேதனை என்னவென்றால், பள்ளிக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்த தெருக்காரர்கள் பலருக்கு, பள்ளி வந்தபின் அந்தத் தெருவில் குடியிருக்க முடியவில்லை.

அடுத்த கடிதம் அவருக்கு வந்தது. 2013 தொடக்கத்தில் நகரம் முழுவதும் சொத்து மதிப்பைப் புதிதாகக் கணக்கிட்டு எல்லா வீடுகளுக்கும் நோட்டீஸ் அனுப்பினார்கள். அவர் வீட்டு மதிப்பு பல மடங்கு ஏறியிருந்தது. வீட்டில் ஓர் ஆணிகூடப் புதிதாக அடிக்கவில்லை. சுற்றிலும் விலை ஏறியது, இவருடையதும் ஏறிவிட்டது. மதிப்பு ஏறினால் வரி ஏறும், ஓய்வூதியம் ஏறாது.

“இதில் என்ன எழுதியிருக்கிறது, படித்துச் சொல்” என்று என்னிடம் கொண்டுவந்தார். அவருக்கு நன்றாகவே படிக்கத் தெரியும். எனக்கும் அந்த மொழி புரியாது என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டார் என்று நினைக்கிறேன். இருவரும் அவர் சமையலறை மேஜையில் உட்கார்ந்து இரண்டு வார இறுதி செலவழித்தோம்.

நாங்கள் கண்டுபிடித்ததை ஊர் ஊராகச் சொல்லலாம். எந்த நகரத்திலும் இதற்கு ஒப்பான ஏதோ ஒன்று இருக்கும், ஆனால் தானாக வீட்டுக் கதவைத் தட்டாது. சொந்த வீட்டில் குடியிருப்பவருக்கு மதிப்பில் ஒரு பகுதியைக் கழித்துவிட்டு மீதிக்கு மட்டும் வரி போடும் சலுகை பிலடெல்ஃபியாவில் உண்டு. அப்போது 30,000 டாலர் கழிவு, இப்போது 100,000. வரி விகிதம் 1.4 சதவீதத்தை ஒட்டி இருப்பதால், ஆண்டுக்கு ஏறத்தாழ 1,400 டாலர் மிச்சம். ஒரு முறை விண்ணப்பித்தால் போதும். பத்து வருடத்துக்கு மேல் ஒரே வீட்டில் இருந்து, மதிப்பு திடீரென்று எகிறியவர்களுக்கு, வருமான வரம்புக்கு உட்பட்டு இன்னொரு திட்டமும் உண்டு. மதிப்பீடே தவறு என்று மேல்முறையீடு செய்யலாம், ஆனால் கெடு தேதி தாண்டினால் அந்த வருடம் போச்சு. இத்தனையும் எங்கள் தெருவில் பாதிப் பேருக்குத் தெரியாது. தெரிந்த பாதியில் பெரும்பாலோர் புதிதாக வீடு வாங்கி வந்தவர்கள். வழக்கறிஞரும் வங்கியும் அவர்களுக்குச் சொல்லிவிடுகிறார்கள்.

விண்ணப்பத்தில் ‘உரிமையாளர் பெயர்’ என்ற கட்டத்துக்கு வந்தபோது அவர் பேனாவை வைத்துவிட்டார். வீடு அம்மா பெயரில் இருக்கிறது. அம்மா போய்ப் பதினைந்து வருடம் ஆகிறது.

நமக்கு இது புதிதா? தாத்தா பெயரில் பட்டா, அப்பா பெயரில் மின் இணைப்பு, பிள்ளைகள் நான்கு ஊரில். வாரிசுச் சான்றிதழ் வாங்க அலைய யாருக்கும் நேரமில்லை. உயில் எழுதுவதே அபசகுனம். அங்கேயும் அதே கதைதான், ‘சிக்கல் பத்திரம்’ என்ற பொருளில் பெயர் மட்டும் வேறு. 2021இல் பியூ ஆய்வு அமைப்பு கணக்கெடுத்தபோது பிலடெல்ஃபியாவில் 10,000க்கு மேற்பட்ட வீடுகள் இப்படி இருந்தன. மொத்த மதிப்பு 110 கோடி டாலருக்கு மேல். பத்திரம் தன் பெயரில் இல்லாதவர் வரிச் சலுகைக்கு அலைய வேண்டும், கூரை ஒழுகினால் பழுதுபார்க்கும் உதவி கிடைக்காது, வங்கிக் கடன் கிடைக்காது, மோசடிக்காரன் போலிப் பத்திரம் போட்டால் தடுப்பதும் கஷ்டம். விலை ஏறும் தெருவில் இது திறந்து கிடக்கும் கொல்லைக் கதவு.

இதற்கு இலவசச் சட்ட உதவி உண்டு. பிலடெல்ஃபியாவில் 1966 முதல் கம்யூனிட்டி லீகல் சர்வீசஸ் என்ற அமைப்பு ஏழைகளுக்காக வாதாடுகிறது. பத்திரச் சிக்கலைத் தீர்க்கும் செலவுக்கென்றே ஒரு நிதியும் இருக்கிறது. நான் செய்ததெல்லாம் தொலைபேசியில் வரிசையில் காத்திருந்தது, அம்மாவின் இறப்புச் சான்றிதழை நகல் எடுத்தது, வேறு மாநிலத்தில் இருந்த அவர் தங்கையிடம் கையெழுத்து வாங்கும் தாளை அனுப்பி வைத்தது. தங்கை முதலில் சம்மதிக்கவில்லை. அண்ணன் வீட்டைத் தனக்கு எழுதிக்கொள்கிறார் என்று யாரோ காதில் ஓதியிருந்தார்கள். அந்தப் பேச்சு ஆறிக் கனிய வருடங்கள் ஆயின. காகித வேலையைவிடக் குடும்ப வேலை பெரிது என்று புரிந்துகொண்டேன். ஆகவே, பெற்றவர்கள் உயிரோடு இருக்கும்போதே கேளுங்கள். சங்கடமாகத்தான் இருக்கும்.

இந்த நடுவில் அவர் வீட்டுக்கு வாரம் ஒரு தபால் அட்டை வரும். கையால் எழுதியது போல அச்சிட்டிருக்கும். ‘உங்கள் வீட்டை இருக்கிற நிலையிலேயே ரொக்கத்துக்கு வாங்கிக்கொள்கிறேன், பழுதுபார்க்க வேண்டாம், தரகு வேண்டாம்.’ செத்துப்போன அவர் அம்மாவின் பெயர் போட்டு வரும். மின்கம்பங்களிலும் இதே வாசகம் தொங்கும். ஓர் அட்டையில் போட்டிருந்த தொகையையும், இரண்டு வீடு தள்ளி அந்த மாதம் விற்ற வீட்டின் விலையையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். பாதிகூட இல்லை. விற்பது தவறில்லை, அது அவரவர் சொத்து. ஆனால் விற்பதற்கு முன் நகரத்தின் ‘அட்லஸ்’ இணையதளத்தில் பக்கத்து வீடுகள் என்ன விலைக்குப் போயின என்று பார்க்கலாம், காசு கிடையாது. வரி பாக்கிக்குப் பயந்து விற்பதாக இருந்தால், முதலில் தவணைக்குக் கேளுங்கள்.

சரி, என் கதைக்கு வருகிறேன். கூட இருந்த நண்பர்கள் இருவரும் 2015க்குள் வேறு ஊருக்கு வேலை கிடைத்துப் போய்விட்டார்கள். மனைவி வந்தாள், மகள் பிறந்தாள். 1,500 இப்போது எங்கள் இருவர் தலையில், பிறகு 1,650, 1,800 என்று ஏறியது. யோசித்தால் சிரிப்பு வருகிறது. மூன்று பையன்களாக நுழைந்து ஒரு குடும்பத்தைத் தள்ளிய வீட்டில், குடும்பமாகி மாட்டிக்கொண்டேன். 2021 மே மாதம் வீட்டுக்காரரிடமிருந்து கடிதம் வந்தது. ஆகஸ்ட்டிலிருந்து 2,400, இல்லையென்றால் காலி செய்யலாம்.

அப்போதுதான் அட்லஸில் எங்கள் முகவரியையே போட்டுப் பார்த்தேன். ஒன்பது வருடமாகச் செய்யாத வேலை. வாடகைக்கு விட வீட்டுக்காரர் வாங்கியிருக்க வேண்டிய உரிமம் காலாவதியாகிக் கிடந்தது. உரிமம் இல்லாத காலத்துக்கு வாடகை வசூலிக்க அவருக்குச் சட்டப்படி வழியில்லை, வாடகைதாரருக்கு இருக்கக்கூடிய மிகப் பெரிய பிடி அது. மெதுவாக எடுத்துச் சொன்னேன். பேச்சு தணிந்தது. உரிமத்தைப் புதுப்பித்தார், மூன்று மாதம் பழைய வாடகையிலேயே இருக்க விட்டார், அட்வான்ஸை ஒரு டாலர் குறையாமல் திருப்பினார். அந்த மூன்று மாதத்தில் வேறு வீடு தேடினோம். அதற்கு மேல் நான் மல்லுக்கட்டவில்லை. மல்லுக்கட்டிய தெருக்காரர்கள் இருந்தார்கள், அவர்களுக்குப் போக வேறு இடம் இல்லை. எனக்கு இருந்தது.

பென்சில்வேனியாவில் வாடகைக்குப் போகிறவர்கள் இதையும் மனதில் வையுங்கள். முதல் வருடம் அட்வான்ஸ் இரண்டு மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது, அடுத்த வருடத்திலிருந்து ஒரு மாதம்தான். காலி செய்து புது முகவரியை எழுத்தில் கொடுத்த 30 நாளுக்குள் திருப்ப வேண்டும். ஒரு வருடத்துக்கும் குறைந்த ஒப்பந்தத்தில் இருப்பவரைத் தக்க காரணம் சொல்லாமல் வெளியேற்ற முடியாது என்று பிலடெல்ஃபியாவில் 2019 முதல் விதி இருக்கிறது. நம்மவர்கள் பலர் ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறோம், ‘எல்லோரும் போட்டாங்க’ என்று.

நாங்கள் போனது அப்பர் டார்பிக்கு. உயர்த்திய தண்டவாளத்தில் ஓடும் ரயிலின் மேற்குக் கடைசி நிறுத்தத்தை ஒட்டிய ஊர். தெற்காசியர்கள் நிறைய, கறிவேப்பிலைக்குக் கவலையில்லை. வேலைக்குப் போகத் தினமும் நாற்பதாம் தெரு நிறுத்தத்தில் இறங்குவேன். இறங்கியதும் எதிரே ஒரு குடியிருப்பு, யூனிவர்சிட்டி சிட்டி டவுன்ஹோம்ஸ். எழுபது வீடுகள், செங்கல் கட்டடம், நடுவே புல்வெளி. 1980களின் தொடக்கத்தில் மத்திய அரசின் வாடகை உதவியோடு கட்டியது. அது நின்றதும் பழைய பிளாக் பாட்டம் நிலத்தில்தான். அந்த இடத்தை நகரம் கட்டுநருக்கு 1 டாலருக்குக் கொடுத்திருந்தது.

நாங்கள் வீடு மாறிய அதே 2021 கோடையில் அங்கேயும் கடிதம் வந்தது. உதவி ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கப் போவதில்லை, இடத்தை விற்கப் போகிறோம் என்று உரிமையாளர் அறிவித்தார். ஒப்பந்தம் நாற்பது வருடம். அத்தனை வருடமும் அது ஒருநாள் முடியும் என்பது எழுத்தில் இருந்தது. ஆனால் குடியிருப்பவர்கள் யாரும் அந்தத் தேதியைக் காலண்டரில் குறித்து வைத்திருக்கவில்லை. அரசு உதவி வீட்டில் இருக்கும் யாரைப் பார்த்தாலும் நான் இப்போது அதைத்தான் கேட்கிறேன்: உங்கள் கட்டடத்தின் ஒப்பந்தம் எந்த வருடம் முடிகிறது?

அங்கிருந்தவர்கள் சும்மா போய்விடவில்லை. 2022 கோடையில் அந்தப் புல்வெளியில் கூடாரம் அடித்தார்கள். ஆகஸ்ட் இறுதியில் பென் பல்கலைக்கழகத்தின் புது மாணவர் வரவேற்பு விழாவில், புதிய தலைவர் பேசிக்கொண்டிருக்கும்போதே ஆதரவு மாணவர்களோடு எழுந்து முழக்கம் போட்டார்கள். பல்கலைக்கழகம் அந்த நிலத்தின் சொந்தக்காரர் அல்ல, அதை அவர்கள் அறியாமல் இல்லை. அந்த நிலத்துக்கு அந்த விலை யாரால் வந்தது என்று கேட்டார்கள்.

நான் என்ன செய்தேன்? விசாவில் இருக்கிறவன். கிரீன் கார்டு விண்ணப்பம் பாதியில். கூட்டத்தில் நின்று படம் எடுக்கப்பட்டால் என்னாகும் என்ற பயம், சொல்லிக்கொள்ள வெட்கமாக இருந்தாலும், இருந்தது. இரண்டு முறை தண்ணீர்ப் பெட்டி வாங்கிக்கொண்டுபோய் வைத்தேன். வெளியேறுகிறவர்களுக்கு வவுச்சர் கொடுத்திருந்தார்கள், அதை ஏற்கும் வீடு கிடைப்பதுதான் பாடு. அப்பர் டார்பிப் பக்கம் வவுச்சர் வாங்கும் வீட்டுக்காரர்கள் இரண்டு மூன்று பேரின் எண்ணை எழுதிக்கொடுத்தேன். வவுச்சர் என்பதற்காகவே மறுப்பது பிலடெல்ஃபியாவில் சட்டவிரோதம், ஆனால் போனைத் திரும்ப எடுக்காமல் இருப்பதற்குச் சட்டம் கிடையாதே. கடைசியில் 2023இல் நகரத்துக்கும் உரிமையாளருக்கும் சமரசம் ஆனது. நிலத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்த வாடகை வீடுகளுக்காக நகரத்துக்கு, குடியிருந்தவர்களுக்கு 35 லட்சம் டாலர் நிதி. வெற்றியா என்று கேட்டால், அந்த எழுபது குடும்பங்களும் அதற்குள் எங்கெங்கோ சிதறியிருந்தன. ஆனால் போராடாமல் இருந்திருந்தால் ஒரு பிடி மண்ணும் தங்கியிருக்காது.

பென் சொத்து வரி கட்டுவதில்லை, கல்வி நிறுவனம் என்ற விலக்கு. பல வருட நெருக்கடிக்குப் பிறகு 2020இல், நகரப் பள்ளிகளிலிருந்து கல்நாரையும் ஈயத்தையும் அகற்ற பத்து வருடத்தில் 10 கோடி டாலர் தருவதாக அறிவித்தார்கள். நல்லதுதான். என் பக்கத்து வீட்டுப் பெரியவர் அதைக் கேட்டுவிட்டு, “எனக்கும் பத்து வருடத் தவணை கொடுப்பார்களா என்று கேட்டுச் சொல்” என்றார்.

இப்போது ஊரிலிருந்து படிக்க வரும் பிள்ளைகள் வீடு பிடிக்க என்னிடம் யோசனை கேட்பார்கள். வளாக விடுதியோ, மாணவர்களுக்கென்றே கட்டிய அடுக்குமாடியோ கட்டுப்படியானால் அங்கே போகச் சொல்வேன். தொடர் வீட்டுக்குத்தான் போக வேண்டுமென்றால், இதற்கு முன் யார் இருந்தார்கள், என்ன வாடகை என்று கேட்கச் சொல்வேன். கேட்டால் வீட்டுக்காரர் கொஞ்சம் நெளிவார், நெளியட்டும். அதிகம் பேர் கேட்கும் வீட்டுக்குப் போட்டி போட்டு இன்னும் ஐம்பது சேர்த்துத் தராதீர்கள், நம் பையன்கள் செய்யும் பெரிய தவறு அது. அடுத்த வருடம் அந்தத் தெரு முழுக்க அதுதான் விலை. பக்கத்துக் கட்டடத்தில் ஆரஞ்சு நிறத்தில் அறிவிப்பு ஒட்டியிருந்தால் நின்று படியுங்கள். ஒரு குடும்பம் இருந்த வீட்டை நான்கு வீடாக்க அனுமதி கேட்டிருக்கலாம். வட்டாரக் கூட்டம் எப்போது என்று அதிலேயே இருக்கும். நான் அப்படி ஒரு கூட்டத்துக்குப் போனபோது, வந்திருந்த பதினைந்து பேரில் வாடகைக்கு இருப்பவன் நான் ஒருவன்தான்.

போன வருடம் ஒரு மாலை அந்தப் பெரியவர் போன் செய்தார். பத்திரம் வந்துவிட்டதாம், அவர் பெயரில். தங்கை கடைசியில் கையெழுத்துப் போட்டுவிட்டாள். சனிக்கிழமை போனேன். பத்திரத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் குளிர்பெட்டி மேல் வைத்திருந்தார். “யங் மேன், இனிமேல் வரி நோட்டீஸும் என் பேருக்கே வரும்” என்று சிரித்தார். மேஜையில் கட்டாகத் தபால் அட்டைகள் கிடந்தன, அதே போலிக் கையெழுத்து. எடுத்துப் பார்த்தேன். மேலே இருந்த மூன்றில் அவர் அம்மாவின் பெயர் இல்லை, அவர் பெயர் இருந்தது. பின்பக்கத்தில் பால், முட்டை, ரொட்டி என்று எழுதி வைத்திருந்தார்.